‘நெட் வரலை’ என்றால் எது வரவில்லை? இணையத்தை வீட்டிலிருந்தே படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

கலந்தாய்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தைய மாலை. என்னிடம் கணினி படிக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா புது வைஃபை பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வீட்டில் இரண்டு நாளாக நெட் வரவில்லை. கடையில் விசாரித்ததற்குப் “பெட்டி போயிடுச்சு, மாத்திடுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். 1,800 ரூபாய் கொடுத்துப் புதுப் பெட்டி வாங்கி மாட்டினார். அப்படியும் மகளின் மடிக்கணினியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. அந்த வீட்டில் வைஃபையில் ஓடுவது அந்த ஒரு கணினிதான், செல்போன்கள் எல்லாம் சிம் நெட்டில்.

போய்ப் பார்த்தேன். பழைய பெட்டி நன்றாகவே இருந்தது. மடிக்கணினிக்குள் யாரோ எப்போதோ மாற்றிவைத்த ஒரே ஓர் எண் தவறு. திருத்த அரை நிமிடம் ஆனது. அந்த 1,800 ரூபாய் அவருக்கு மூன்று நாள் கூலி.

‘நெட் வரலை’ என்று நாம் சொல்லும் ஒரே வார்த்தைக்குள் ஐந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. நம் கருவியில், வீட்டுப் பெட்டியில், தெருவுக்கு வரும் லைனில், பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாட்டில், அல்லது எங்கோ இருக்கும் எதிர்முனைக் கணினியில். எது பழுது என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம், பட்டமும் வேண்டாம். இணையம் எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை தெரிந்தால் போதும். அதைத்தான் இங்கே வீட்டுக்குள்ளிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக வெளியே போய்ப் பார்க்கப்போகிறோம். ஒரு மடிக்கணினி, வீட்டு வைஃபை, எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். கட்டளைகளையும் இணைய முகவரிகளையும் நான் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதல் படி: எழுத்து எண்ணாகும் இடம்

கணினிக்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்ற இரண்டு நிலைகள்தான் தெரியும். அந்த ஒரு ‘இருக்கு–இல்லை’க்குப் பெயர் பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். மற்றதெல்லாம், உங்கள் குரல், பேரனின் புகைப்படம், வங்கிக் கணக்கு மிச்சம், எல்லாமே பைட்டுகளின் வரிசைதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. விண்டோஸில் நோட்பேடைத் திறந்து ‘தமிழ்’ என்று மட்டும் அடித்துச் சேமியுங்கள். கோப்பின் மீது வலது சொடுக்கு போட்டு, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். அளவு 15 பைட் என்று இருக்கும். கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் 15. காரணம் இதுதான்: கணினி அந்தச் சொல்லை ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இன்றைக்கு இணையம் முழுக்கப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஐமூன்று பதினைந்து. நம்பிக்கை வராவிட்டால், சொல்லின் கடைசியில் நின்று அழிக்கும் விசையை ஒரு முறை தட்டுங்கள். ‘ழ்’ முழுசாகப் போகாது, புள்ளி மட்டும் போய் ‘தமிழ’ என்று நிற்கும். வகுப்பில் இதைக் காட்டும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். அதுவரை பாடமாக இருந்தது, அந்த நிமிடம் கைக்கு வந்துவிடுகிறது.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் சீக்கிரம் இரண்டாகப் பிரிவதும் இதே கணக்கில்தான். ஒரு செய்திக்குள் இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு எஸ்எம்எஸ்ஸில் யூடிஎஃப்-8 இல்லை, வேறு முறை. அதில் குறி ஒன்றுக்கு 16 பிட் வேண்டும், 70 குறியோடு முடிந்துவிடும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே எண் பட்டியலாக இருக்கும் யூனிக்கோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் இணையம் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகவும் கோணல்மாணலாகவும் ஏதோ தெரியும். டிஸ்கி, டேப், டேம் என்று குறியீட்டு முறைகள் பல. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் இருந்து வந்ததுதான் நாம் இன்றும் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு எந்த செல்போனிலும் தமிழ் எடுத்தவுடன் தெரிகிறது என்றால், அதற்குப் பின்னால் பல நாடுகளில் இருந்த தமிழர்களின் பல வருட உழைப்பு இருக்கிறது.

பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வித்தியாசம் பாக்கெட்டையும் தொடும். இணைய நிறுவனம் ‘100 எம்பிபிஎஸ்’ என்று விளம்பரம் செய்வது நொடிக்கு 100 மெகாபிட். நீங்கள் இறக்கும் கோப்பின் அளவோ மெகாபைட்டில் இருக்கும். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். 700 மெகாபைட் கோப்பு 56 நொடியில் இறங்க வேண்டும். இறங்கும் வேகம் 12 என்று காட்டுகிறதே, ஏமாற்றுகிறார்களா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 12 காட்டினால் கொடுத்த காசுக்கு வேகம் சரியாக வருகிறது. 3 காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: பெட்டியின் விளக்குகளைப் படிப்பது

வைஃபை சின்னத்தில் கோடுகள் முழுசாக இருந்தால் நெட் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்தக் கோடுகள் சொல்வது உங்கள் கருவிக்கும் வீட்டுப் பெட்டிக்கும் இடையில் உள்ள அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டும். பெட்டிக்குப் பின்னால் லைன் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுசாகவே தெரியும். ‘வைஃபை’ வேறு, ‘இணையம்’ வேறு. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் வரிசையாக விளக்குகள் இருக்கும். ‘பவர்’ பச்சையாக எரிய வேண்டும். ‘பான்’ (பி, ஓ, என்) என்று குறித்த விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால், நிறுவனத்தின் முனையோடு பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. ‘லாஸ்’ (எல், ஓ, எஸ்) என்று குறித்தது அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை. எங்கோ இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு கணினியில் எதை நோண்டினாலும் பயன் இல்லை. பெட்டிக்குப் பின்னால் இழை சரியாகச் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்த மெல்லிய வயருக்குள் இருப்பது கண்ணாடி. உள்ளிருக்கும் இழையின் தடிமன் 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. அதன் நடுவில் ஒளி ஓடும் பாதை வெறும் 9 மைக்ரான். அதனால்தான் கதவிடுக்கில் நசுங்கினாலோ, ஆணியில் இறுக்கிச் சுற்றினாலோ நெட் போய்விடுகிறது. வீட்டைப் பெருக்கும்போது மேசையைச் சுவரோடு தள்ளிவைத்ததில் போன இணைப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று ஆகாது.

ஒளி நிறுவனத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு மட்டும் தனியாக வருவதில்லை. ஒரே இழை கம்பத்தில் இருக்கும் சிறு பிரிப்பானில் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம், கண்ணாடிதான் ஒளியைப் பங்கிடுகிறது. பக்கத்து வீட்டிலும் ‘லாஸ்’ சிவப்பாக இருந்தால், பழுது உங்கள் வீட்டு வயரில் இல்லை, தெருவில். புகார் கொடுக்கும்போது இதைச் சேர்த்துச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

பெட்டியை வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் மேலோ இருக்கும். இரும்பு அலையைத் தடுக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், வெளிப்படையாக வையுங்கள். பெட்டி இரண்டு பெயரில் வைஃபை காட்டினால், 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். படிப்பறைக்கும் பின்கட்டுக்கும் வேறு வேறு பெயரைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை.

மூன்றாம் படி: உங்கள் கணினியின் கதவு எண்

விண்டோஸ் பொத்தானை அழுத்தி ‘சிஎம்டி’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். கருப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், இங்கே நாம் பார்க்கத்தான் போகிறோம், எதையும் மாற்றப் போவதில்லை. ‘ஐபிகான்ஃபிக்’ (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

வரும் வரிகளில் இரண்டை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் 192.168.1.5 போல ஓர் எண் இருக்கும். அது உங்கள் கணினியின் முகவரி. ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் 192.168.1.1 போல இருப்பது வீட்டுப் பெட்டியின் முகவரி, வெளியே போகும் வாசல். உங்கள் எண் 169.254 என்று தொடங்கினால், பெட்டி உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

192.168 என்று தொடங்கும் எண் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. அது வீட்டுக்குள் புழங்கும் எண். ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் சேர்த்து இருக்கும் முகவரிகள் 4,294,967,296 மட்டும், அதாவது சுமார் 429 கோடி. ஆளுக்கு ஒரு செல்போன் என்றால்கூடப் போதாது. அதனால் ஒரு வீட்டுக்கோ ஒரு பகுதிக்கோ ஒரு வெளி எண் கொடுத்து, உள்ளே தனி எண்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வெளியே ஒரே கதவு எண், வரும் தபாலை எந்த வீட்டுக்கு என்று பார்த்துக் காவலாளி கொடுக்கிறார் அல்லவா, அந்த வேலையை உங்கள் வைஃபை பெட்டி ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான முறை செய்கிறது. இந்தத் தட்டுப்பாட்டுக்கு நிரந்தரத் தீர்வு ஐபிவி6. 128 பிட் நீளமுள்ள அந்த முகவரிகள் தீரவே தீராது. அதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இப்போது பெட்டியைக் கூப்பிட்டுப் பார்ப்போம். ‘பிங்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 192.168.1.1 போன்ற உங்கள் வாசல் எண்ணை அடியுங்கள். கணினி நான்கு முறை “இருக்கியா?” என்று கேட்கும், பெட்டி நான்கு முறை “இருக்கேன்” என்று சொல்லும். ஒவ்வொரு பதிலுக்கும் ஆன நேரம் மில்லிசெகண்டில், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், வரும். ஒன்று முதல் ஐந்துக்குள் இருந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. 200, 300 என்று ஏறி இறங்கினால் வைஃபை அலையில்தான் சிக்கல். பதிலே வராவிட்டால் கோளாறு வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

நான்காம் படி: வாசல் தாண்டிக் கடல் வரை

அடுத்து ‘பிங் 8.8.8.8’. இது கூகுள் நடத்தும் பொதுச் சேவை ஒன்றின் முகவரி. நினைவில் வைக்கச் சுலபம் என்பதால் எல்லோரும் இதைத்தான் சோதனைக்குப் பயன்படுத்துகிறோம். பதில் வந்தால் உங்கள் லைன் சரி, இணையத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

வரும் நேரத்தைக் கவனியுங்கள், அதில் ஒரு பூகோளப் பாடம் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய்த் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். அங்கிருந்து பதில் 29 மில்லிசெகண்டுக்குள் வர எந்த நிறுவனத்தாலும் முடியாது. நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர், குறைந்தது 135. உண்மையில் வயர் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் இன்னும் கூடும். உங்கள் 8.8.8.8 பதில் 12 மில்லிசெகண்டில் வந்தால், பதில் சொன்ன கணினி 1,200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அமெரிக்க நிறுவனம், ஆனால் கணினி நம் ஊர்ப்பக்கம். ஒரே முகவரியைப் பல நகரங்களில் வைத்து, அருகில் இருப்பது பதில் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். ஒரு கருப்புத் திரையையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் வைத்துக்கொண்டு இவ்வளவு கண்டுபிடிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நாடு விட்டு நாடு போகும் இணையம் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் வடங்கள் வழியாகத்தான் போகிறது. இந்தியாவில் அவை கரையேறும் இரண்டு பெரிய ஊர்கள் மும்பையும் சென்னையும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மேற்கு ஐரோப்பா வரை நீளும் சீ-மீ-வீ 4 சென்னையையும் தொட்டுத்தான் போகிறது. ஆழ்கடலில் இந்த வடத்தின் தடிமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் பைப் அளவுதான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே மத்தியதரைக் கடலில் வடங்கள் சேதமானபோது, இந்தியாவிலும் மேற்காசியாவிலும் இணையம் நாள்கணக்கில் தளர்ந்து கிடந்தது. எங்கோ ஒரு கடலில் நடந்தது, நம் ஊர் அலுவலகங்களில் தெரிந்தது.

வடம் வந்தால் என்ன மாறும் என்று அறிய அந்தமானைப் பாருங்கள். அங்கே நெடுங்காலம் செயற்கைக்கோள்தான் கதி. குறைந்த வேகம், அதிகச் செலவு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி வடம் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்தார்கள்.

பாதையை நீங்களே பார்க்கலாம். கருப்புத் திரையில் ‘ட்ரேசர்ட்’ (டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி) கட்டளை அடித்து, இடம் விட்டு 8.8.8.8 போடுங்கள். முதல் வரி வீட்டுப் பெட்டி. அடுத்து நிறுவனத்தின் கணினிகள், பிறகு வெளியே. நடுவில் சில வரிகளில் நட்சத்திரக் குறிகள் மட்டும் வரும். அது பழுது இல்லை. அந்தக் கணினிகள் இத்தகைய கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: பாக்கெட் என்னும் சின்னப் பொட்டலம்

வாட்ஸ்அப்பில் 3 மெகாபைட் படம் ஒன்றை ஆவணமாக அப்படியே அனுப்புகிறீர்கள். அது ஒரே துண்டாகப் போவதில்லை. சாதாரண வலையமைப்பில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். அதிலும் யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனையாவது துண்டு என்ற மேலுறைக்குக் கொஞ்சம் போய்விடும். ஆக உங்கள் படம் 2,000-க்கும் மேற்பட்ட பொட்டலங்களாகக் கிளம்புகிறது. இவற்றுக்குத்தான் பாக்கெட் என்று பெயர். அவை வெவ்வேறு வழியில் போகலாம், முன்பின்னாகச் சேரலாம். எதிர்முனை வரிசைப்படுத்தி, 714-ஆவது வரவில்லை என்றால் அதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்த ஒழுங்குக்குப் பெயர் டிசிபி.

வீடியோ அழைப்பில் மட்டும் இந்த மரியாதை கிடையாது. நீங்கள் இரண்டு நொடிக்கு முன்னால் சொன்ன “ஹலோ”வை இப்போது மறுபடி கேட்டு வாங்கி என்ன செய்வது? அதனால் தொலைந்தது தொலைந்ததுதான் என்று விட்டுவிட்டு அடுத்ததை அனுப்பும் யூடிபி முறையில் அது ஓடுகிறது. கோப்பு நன்றாக இறங்கியும் பேச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால், பாக்கெட்டுகள் நடுவில் தொலைகின்றன. ‘பிங்’ முடிவின் கடைசி வரிகளில் எத்தனை சதவீதம் தொலைந்தது என்று இருக்கும். அங்கே பூஜ்ஜியம் இருக்க வேண்டும்.

துண்டு துண்டாக அனுப்பும் இந்த யோசனையை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்டு டேவிஸும் தனித்தனியாக எட்டினார்கள். பாக்கெட் என்ற பெயரை வைத்தவர் டேவிஸ். 1969 அக்டோபர் 29 இரவு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த சார்லி க்லைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையக் கணினிக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்ப முயன்றார். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட்டில் போன முதல் செய்தி அந்த இரண்டு எழுத்துதான். விண்ட் செர்ஃபும் பாப் கானும் வடிவமைத்த டிசிபி-ஐபி முறைக்கு அந்த வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று மாறியது. இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான எர்நெட் 1986-இல் தொடங்கியிருந்தாலும், பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அப்போதைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் மூலம். போன் லைனில் டயல் செய்து இணையும் அந்தக் காலத்தின் உச்ச வேகமான 56 கிலோபிட்டில், மேலே சொன்ன அதே படம் போக ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஆறாம் படி: பெயரை எண்ணாக்குவது

அந்த மாணவியின் வீட்டில் நடந்தது இந்தப் படியில்தான். பெட்டியில் பான் பச்சை. வாசல் எண்ணுக்கு பிங் போகிறது. 8.8.8.8-க்கும் போகிறது. ‘பிங் விக்கிபீடியா.ஆர்க்’ என்று பெயர் கொடுத்தால் மட்டும், அப்படி ஒருவரைத் தெரியாது என்று திரை சொல்கிறது.

கணினிகளுக்கு எண்தான் முகவரி, பெயர் நமக்காக. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது. அதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்லித்தான் சேர்க்க வேண்டும். பட்டியல் பெருத்துப்போனதால் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். பட்டியலை ஒரே இடத்தில் வைக்காமல் அடுக்கடுக்காகப் பிரித்துக்கொடுத்ததுதான் அதன் சிறப்பு. விக்கிபீடியா.ஆர்க் எங்கே என்று கேட்டால், வேர்க் கணினி “ஆர்க்கைக் கவனிப்பவரைக் கேள்” என்று அனுப்பும், அவர் “விக்கிபீடியாவின் பெயர்க் கணினியைக் கேள்” என்பார், அது எண்ணைக் கொடுக்கும். வேர்க் கணினிகளுக்கு 13 பெயர்கள்தான், ஆனால் அவற்றின் நகல்கள் இந்தியா உட்பட உலகம் முழுக்க இருக்கின்றன. ஒரு முறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு தடவையும் இவ்வளவு அலைய வேண்டியதில்லை.

அந்த மடிக்கணினியில் ‘யாரைக் கேட்பது’ என்ற இடத்தில், இப்போது இயங்காத ஒரு எண் கையால் நிரப்பப்பட்டிருந்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபையின் விவரங்களில் டிஎன்எஸ் என்ற வரியைத் ‘தானியங்கி’ என்று மாற்றினோம். தானியங்கியில் இருந்தும் பெயர் மட்டும் கிடைக்காவிட்டால், நிறுவனத்தின் டிஎன்எஸ் தடுமாறுகிறது, அங்கே 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று நீங்களே கொடுத்துப் பார்க்கலாம்.

தமிழிலும் இணையப் பெயர் வைக்கலாம். பெயரின் வால்பகுதியாக .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் வால்கள் இருக்கின்றன. டிஎன்எஸ் பழைய காலத்து ஏற்பாடு என்பதால் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் ஓடும். நீங்கள் தமிழில் அடித்ததைக் குரோம் போன்ற உலாவி ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஒரு நீளமான ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் அனுப்புகிறது. அப்படி ஒன்று முகவரிப் பட்டையில் தென்பட்டால் வைரஸ் என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் ஆங்கிலப் பெயரை எதிர்பார்த்த இடத்தில் அது வந்தால் நின்று யோசியுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேற்றுமொழி எழுத்தைச் செருகி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

முகவரியை வலமிருந்து படிக்கப் பழகுங்கள். இது பணத்தைக் காப்பாற்றும். உங்கள் வங்கியின் பெயர் முதலில் இருப்பதால் அது வங்கியுடையது ஆகிவிடாது. ‘வங்கி.காம்.பரிசு.இன்’ என்று ஒரு சுட்டி வந்தால், அதன் சொந்தக்காரர் ‘பரிசு.இன்’ வைத்திருப்பவர், முன்னால் உள்ள வங்கியும் காமும் அவர் தன் வீட்டு அறைக்குச் சூட்டிய பெயர்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைக் கணக்கில் எடுக்காமல், அதற்கு அடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசித் துண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். இந்திய அரசுத் தளம் என்றால் ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா பாருங்கள், அதை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். வங்கிகளுக்கென்றே ‘பேங்க்.இன்’ என்ற முடிவை ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஏழாம் படி: பக்கம் வந்து சேர்வது

இணையம் என்பது சாலை. வலைத்தளங்கள் அந்தச் சாலையில் ஓடும் ஒருவகை வண்டி. மின்னஞ்சல், வீடியோ அழைப்பு எல்லாம் வேறு வண்டிகள். சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வகத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த யோசனைதான் இந்த வலை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவுக்குக் கொடுத்துவிட்டது. அந்த முடிவின் அருமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. காப்புரிமை போட்டுக் காசு கேட்டிருந்தால் நம் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இது வந்து சேர்ந்திருக்குமா?

பக்கம் திறக்கும்போது உலாவி கேட்கிறது, எதிர்முனையில் இருக்கும் சர்வர் கொடுக்கிறது. கொடுக்க முடியாதபோது ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண் உங்களுக்குச் சாதகமான சாட்சி. 404 என்றால் சர்வர் வரைக்கும் போய்விட்டீர்கள், கேட்ட பக்கம் அங்கே இல்லை. 403 என்றால் பக்கம் இருக்கிறது, உங்களுக்கு அனுமதி இல்லை. 500, 503, 504 என்று ஐந்தில் தொடங்கினால் கோளாறு அவர்கள் பக்கம். பொதுத்தேர்வு முடிவு நாளில் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே தளத்தைத் தட்டுவதால் இந்த எண்கள் வரும். அந்த நேரத்தில் வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதால் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் பொறுத்துத் திரும்பத் திறங்கள்.

முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினால், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போவதை வழியில் இருக்கும் யாரும் படிக்க முடியாது. அந்தத் தளத்தை நடத்துபவர் நாணயமானவர் என்று அது சொல்லவில்லை. மோசடித் தளங்களும் அந்தச் சான்றிதழை இலவசமாக வாங்கி வைத்திருக்கின்றன. பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று முன்பு சொல்லிக்கொடுத்தவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

பணம் சம்பந்தமாக இரண்டே விஷயம். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை, பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்துதான் போகப்போகிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நேரத்தை விட்டுவிடாமல் உடனே 1930-ஐ அழையுங்கள். இந்தியா முழுமைக்கும் இணையப் பணமோசடிக்கான உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

இனி நெட் வரவில்லை என்றால்

நோட்டில் எழுதிய இரண்டு எண்களையும் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முதலில் விளக்கைப் பாருங்கள். லாஸ் சிவப்பு என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். விளக்குகள் சரி என்றால் வாசல் எண்ணுக்கு பிங். பதில் இல்லை என்றால் வைஃபையை மறுபடி இணையுங்கள், பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பதில் வந்தால் 8.8.8.8. அது வரவில்லை என்றால் நிறுவனத்தின் பக்கம். வந்தால் ஒரு பெயருக்கு பிங். பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ். பெயருக்குரிய எண் திரையில் வந்தும் ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை, மற்றவை திறக்கின்றன என்றால், அந்தத் தளத்தில்தான் ஏதோ நடக்கிறது. நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

சேவை மையத்துக்கு போன் செய்யும்போது “நெட் வரலைங்க” என்று மட்டும் சொன்னால், பெட்டியை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். “பான் பச்சையா எரியுது, கேட்வேக்கு பிங் ரெண்டு மில்லிசெகண்ட்ல வருது, 8.8.8.8-க்கு மட்டும் போகலை, பக்கத்து வீட்லயும் இதே கதைதான்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த மாணவி இப்போது தன் தெருவில் நாலு வீட்டுக்கு இதைத்தான் செய்துகொடுக்கிறாள். வாங்கிய புதுப் பெட்டியைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது அவள் சித்தி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, பீரோவின் மேல் இல்லாமல், கூடத்துச் சுவரில்.